தேதி மாற்றும் திரை

ஜெயசித்ராவுக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. பதினேழு வருடமாக ஒரே அலுவலகம். பெரம்பலூரில் துறையூர் சாலையில், ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது. கீழேயிருந்து ஏறிவரும் பூச்சிமருந்து வாடை இப்போது அவளுக்குத் தெரிவதேயில்லை. புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்தும்போதுதான் அப்படி ஒன்று இருப்பது ஞாபகம் வரும்.

அலுவலகத்தை நடத்துகிறவர் குருமூர்த்தி. அரிசி ஆலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று சுற்றுவட்டாரத்தில் யார் கேட்டாலும் சாஃப்ட்வேர் செய்து கொடுப்பார். ஜெயசித்ராவோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். அவளுக்கும் ஒருமுறை சென்னையிலிருந்து கடிதம் வந்தது. அதே மாதம் எசனையில் வீரமுத்துவோடு கல்யாணம் நிச்சயமானது. வீரமுத்துவுக்கு நாலு ஏக்கர், சின்ன வெங்காயம். நிலத்தைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போக முடியாது. கடிதம் பீரோவில் கொஞ்ச நாள் கிடந்தது, பிறகு காணாமல் போனது. அவளும் தேடவில்லை.

இப்போது அவள் புதிதாக எதையும் எழுதுவதில்லை. பழையதைச் சாகாமல் வைத்திருப்பதுதான் வேலை. எழுதியவர்கள் போய்விட்டார்கள், எழுதியது மட்டும் இருபது ஊர்களில் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால் அவள் போன் அடிக்கும். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை, "மேடம், சுத்திக்கிட்டே இருக்கு", "மேடம், செவப்பா ஏதோ வருது" என்று. கழுத்தில் இடப்பக்கம் ஒரு வலி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. டாக்டர் கம்ப்யூட்டரைக் குறைக்கச் சொன்னார். அவள் சிரித்துவிட்டு வந்தாள்.

அந்த இருபதில் ஒன்று அரியலூரில் இருக்கிற ஒரு டயாலிசிஸ் மையம். ஒன்பது மெஷின்கள். வாரம் இரண்டு முறை, மூன்று முறை என்று ஆட்கள் வந்து நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். யாருக்கு எந்தத் தேதி, எந்த மெஷின் என்பதைப் பார்த்துக்கொள்வது பதினோரு வருடத்துக்கு முன்னால் ஜெயசித்ரா எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானதுதான். டேட்டாபேஸுக்குள் சில வேலைகளைப் பெயர் வைத்து எழுதி வைத்திருப்பார்கள். ஸ்டோர்டு ப்ரொசீஜர் என்று சொல்வது. திரையில் பட்டனை அழுத்தினால் நிரல் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். நோயாளியின் எண், மெஷின், தேதி என்று கேட்டதையெல்லாம் கொடுக்கும். உள்ளே இருக்கிற ப்ரொசீஜர் பதிந்துவிட்டு, ஆயிற்று என்று திரும்பும். கூப்பிடுகிறது ஒன்று, செய்கிறது ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நன்றாகவே இருக்கும், நடுவில் எங்கோ கெட்டிருக்கும். பதினேழு வருடத்தில் அவள் தேடித் திரிந்ததில் பாதி அந்த நடுவில்தான்.

ஜூலை மாதம் அந்த மையத்தில் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தார்கள். ஜெயசித்ராதான் போய் டேட்டாபேஸை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு வாரம் எந்தப் போனும் இல்லை.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை போன் வந்தது. பேசியது மையத்தின் மேனேஜர் ஜெயப்பிரகாஷ்.

விக்கிரமங்கலத்திலிருந்து அய்யம்பெருமாள் என்று ஒருவர் வருவார். அறுபதை நெருங்கிய விவசாயி. திங்கள், வியாழன் அவருடைய நாட்கள். அந்த வாரம் வீட்டில் ஒரு விசேஷம் என்று வியாழனை வெள்ளிக்கு மாற்றிக் கேட்டிருந்தார். முன்னறையில் காலை வேலை பார்க்கும் தனம் மாற்றி, சிலிப் எடுத்துக் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சிலிப்பை நீட்டினால், உள்ளே இருக்கிற பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒன்பது மெஷினிலும் ஆள். மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"சாஃப்ட்வேர்ல ஏதும் கோளாறா மேடம்? சிலிப் இருக்கு, லிஸ்ட்டுல பேர் இல்ல."

"ரெண்டு நிமிஷம் இருங்க சார்."

தன் இடத்திலிருந்தே அந்த சர்வருக்குள் போனாள். அந்த ப்ரொசீஜரைக் கையால் கூப்பிட்டு, ஒரு பொய்ப் பெயருக்கு ஒரு தேதி கொடுத்துப் பார்த்தாள். ஒழுங்காகப் பதிந்தது. அழித்தாள். அதற்குள் மேஜை மேல் இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பள்ளிக்கூடம்.

"ஓட்டிப் பாத்துட்டேன் சார், சரியாத்தான் ஓடுது. சேவ் பண்ணாம விட்டிருப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். மொத்தம் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். பிறகு பள்ளிக்கூடத்துக்காரரிடம் பேசினாள்.

பதினெட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, அதே மையத்திலிருந்து மறுபடி போன். இந்த முறை பேசியது மாலை நேரத்துப் பெண் லாவண்யா. கல்லங்குறிச்சி சின்னம்மாளுக்குத் தேதி மாற்றிக் கொடுத்தது லிஸ்ட்டில் இல்லையாம். நல்ல வேளையாக ஒரு மெஷின் காலியாக இருந்ததால் படுக்க வைத்துவிட்டார்கள்.

"காலையில நீங்க ஏன் இருக்கீங்க? தனம் லீவா?" என்று கேட்டாள் ஜெயசித்ரா.

"தனம் அக்காவ நிறுத்திட்டாங்களே மேடம். உங்களுக்குத் தெரியாதா? அந்த விக்கிரமங்கலத்துப் பெரியவருக்கு அன்னிக்கி சாயந்திரமே மூச்சுத் திணறலாயி தஞ்சாவூருக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அந்த விஷயத்துலதான். உங்க ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் நிறுத்துனதா மேனேஜர் சொன்னாரு."

"நாளைக்கு நேர்ல வரேன் லாவண்யா" என்றாள்.

மறுநாள் காலை அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வந்தன. கண்ணாடியைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் வெள்ளைத் தூசி. சாத்தியே வைத்திருந்தாள். பாதி வழியில் அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்தத் திரையில் சேவ் பட்டனை அழுத்தினால்தான் சிலிப் வரும். அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள். அய்யம்பெருமாள் கையில் சிலிப் இருந்ததென்றால் தனம் பட்டனை அழுத்தியிருக்கிறாள். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை, ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். அன்றைக்கு அந்த ஒரு நிமிடத்தை அவள் செலவழிக்கவில்லை.

மையத்தில் ஜெயப்பிரகாஷ் இல்லை, மதியத்துக்கு மேல் வருவார் என்றார்கள். லாவண்யாவின் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, நிரலும் டேட்டாபேஸும் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்கிற கருவியைத் திறந்தாள்.

"ஒரு பொய்ப் பேருக்கு இருபதாம் தேதி மாத்துங்க" என்றாள்.

லாவண்யா அழுத்தினாள். 'பதிவாகிவிட்டது' என்று திரை சொன்னது. சிலிப் வந்து விழுந்தது. பட்டியலில் ஒன்றும் இல்லை.

ஆனால் கருவியில் அந்த அழைப்பு வந்திருந்தது. ப்ரொசீஜரின் பெயர் சரி, எண் சரி, மெஷின் சரி, 20/08/2025 என்று தேதியும் சரி. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. ஜெயசித்ரா அந்த வரியை அப்படியே நகலெடுத்துத் தன் மடிக்கணினியில் ஒட்டி ஓட்டினாள். பட்டியலில் பெயர் வந்து நின்றது.

அதே சர்வர், அதே வரி. அவள் கூப்பிட்டால் கேட்கிறது, நிரல் கூப்பிட்டால் கேட்கவில்லை. நாலு முறை செய்து பார்த்தாள், நாலு முறையும் அப்படியே. இணைப்பைப் பார்த்தாள், அனுமதிகளைப் பார்த்தாள். வழக்கமான தேதிகளெல்லாம் ஒழுங்காகப் பதிந்துகொண்டிருந்தன. அவற்றை ப்ரொசீஜரே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒருவர் கேட்டு மாற்றுகிற தேதி மட்டும்தான் வெளியிலிருந்து உள்ளே போகிறது. அப்படிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் காலையில்தான் கேட்பார்கள். அதனால்தான் கோளாறெல்லாம் தனத்தின் கையில் நடந்த மாதிரியே இருந்திருக்கிறது.

மதியம் ஆனது. டப்பாவில் கொண்டு வந்த தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பட்டியலைத் தேதி வாரியாக மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. போன மே மாதப் பட்டியலில் ஒரு பெயர் கண்ணில் பட்டது. சின்னம்மாள், கல்லங்குறிச்சி. மே எட்டாம் தேதி. பதிந்த நாள் ஜூலை முப்பது.

முடிந்துபோன ஒரு தேதிக்கு ஜூலையில் யார் இடம் பிடிப்பார்கள்? ஸ்பூனைக் கீழே வைத்தாள். ஆகஸ்ட் ஐந்து, மே எட்டு. ஐந்து, எட்டு. எட்டு, ஐந்து.

அதற்குப் பிறகு பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டேட்டாபேஸுக்குள் நுழைய ஜெயசித்ராவுக்கு ஒரு லாகின், நிரலுக்கு ஒரு லாகின். புதிய சர்வரில் இரண்டையும் அவளேதான் உருவாக்கினாள். தன்னுடையதில், தேதியை நாள் முதலில், மாதம் பிறகு என்று படிக்கும்படி வைத்திருந்தாள். நிரலுடையதில் வந்தது வந்தபடி விட்டுவிட்டாள். அது அமெரிக்க வழக்கம், மாதத்தை முதலில் படிக்கும். அவள் நிரலின் பெயரிலேயே உள்ளே போய் அதே வரியை ஓட்டினாள். சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. இருபதாவது மாதம் என்று ஒன்று இல்லை. அய்யம்பெருமாளுக்குப் பதினெட்டாவது மாதம் இல்லாமல் போயிருக்கிறது. சின்னம்மாளை மே மாதத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

அப்படியென்றால் அந்தச் சிவப்பு எழுத்து ஏன் தனத்தின் திரைக்கு வரவில்லை? அதற்கும் போய்ப் பார்த்தாள். நிரலில் அந்த அழைப்புக்குக் கீழே, பிழை வந்தால் என்ன செய்வது என்று எழுத வேண்டிய இடம் இருந்தது. அங்கே ஒன்றுமே இல்லை. இரண்டு அடைப்புக்குறிகளும் நடுவில் வெற்றிடமும். அதனால் எந்தப் பிழை வந்தாலும் அங்கே விழுந்து மறைந்துவிடும், நிரல் எதுவும் நடக்காதது போலச் சிலிப்பை அச்சடிக்கும். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: பிறகு பார்க்க வேண்டும். அவளுடைய பெயரின் முதலெழுத்து. 2014 ஆகஸ்ட்.

மகள் இலக்கியா அப்போது ஏழு மாதக் குழந்தை. எழுதியது அவளுக்கு ஞாபகமே இல்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று குருமூர்த்திக்குப் போன் செய்தாள். முழுதும் கேட்டுக்கொண்டார்.

"சரிபண்ணிட்டு வந்துடும்மா. சர்வர் மாத்துனதுல வந்த பிரச்சனைன்னு சொல்லிக்கலாம். நம்ம மேல எதுக்கு இழுத்துப் போட்டுக்கிட்டு?"

"சர்வர மாத்துனதும் நான்தான் சார்."

"அது அவங்களுக்குத் தெரிய வேணாமே."

"ஒரு பொண்ணுக்கு வேலை போயிருக்கு சார்."

குருமூர்த்தி கெட்டவர் இல்லை. இருபது இடத்தையும் நாலு பேரை வைத்து ஓட்டுகிறவர். "என்னமோ பண்ணு. எழுத்துல மட்டும் எதுவும் குடுத்துடாத" என்று வைத்துவிட்டார்.

லாகினைத் திருத்தினாள். தேதியை எழுத்தாக அனுப்பாமல் தேதியாகவே அனுப்பும்படி நிரலை மாற்றினாள். வெற்றிடத்தில், பதிவாகவில்லை என்று பெரிதாகச் சொல்லி, சிலிப்பை நிறுத்தும்படி எழுதினாள். ஜூலையிலிருந்து கொடுத்த சிலிப்களின் நகல்களை எடுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பதிவு தவறியவர்கள் ஐந்து பேர். மற்ற மூன்று பேருக்கும் அன்றைக்கு மெஷின் காலியாக இருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்கு ஜெயப்பிரகாஷ் வந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"அன்னிக்கி நீங்கதானே மேடம் சொன்னீங்க, சரியா ஓடுதுன்னு?"

"ஆமாங்க சார். சரியாப் பாக்காம சொல்லிட்டேன்."

"நான் அந்தப் பொண்ண எல்லாரும் இருக்கறப்பதான் கேட்டேன்" என்றார் அவர். மேஜை மேலிருந்த பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். ஜெயசித்ரா ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, தவறு சாஃப்ட்வேருடையது, எழுதியவள் நான், தனம் பதிவு செய்தது சரி என்று அரைப்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். குருமூர்த்திக்குச் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சொன்னபோது அவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீரமுத்து வெங்காயத்தை மூட்டை பிடித்துக்கொண்டிருந்தான். "லீவு அன்னிக்கும் எங்க கெளம்பிட்ட?" என்றான். சொன்னாள். "நானும் வரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

மூன்று பஸ் மாறி, தனத்தின் ஊரான ஆண்டிமடத்தில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. விசாரித்துப் போனாள். தனம் ஒரு முந்திரி உடைக்கிற கொட்டகையில் இருந்தாள். ஏழெட்டுப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து, கட்டையால் கொட்டையைத் தட்டிப் பருப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். தோலைப் பொசுக்கும் முந்திரி எண்ணெய்க்குப் பயந்து விரல்களில் சாம்பல் பூசியிருந்தாள். அப்படியும் இரண்டு விரல் நுனிகள் கறுத்து உரிந்திருந்தன.

போனில் பேசும்போதெல்லாம் அவளை "அக்கா" என்பாள் தனம். இப்போது எழுந்து நின்று, "என்னாங்க மேடம், இவ்வளவு தூரம்?" என்றாள்.

ஜெயசித்ரா சுற்றி வளைக்காமல் சொன்னாள். தனம் தலையைக் குனிந்து கேட்டாள்.

"அப்ப நான் சேவ் பண்ணியிருக்கேன்ல?"

"பண்ணியிருக்க தனம். எல்லாமே நீ சரியாத்தான் பண்ணியிருக்க."

தனம் புறங்கையால் கண்ணைத் துடைக்கப் போய், எண்ணெய் ஞாபகம் வந்து கையை இறக்கினாள். "அழுத்துனனா இல்லியான்னு எனக்கே சந்தேகமா போயிருச்சு மேடம். நல்லா நெனப்பு இருந்திச்சு, அழுத்துனேன்னு. ஆனா எல்லாரும் இல்லன்றாங்க, கம்ப்யூட்டரும் இல்லன்னுது. சரி, நாமதான் மறந்துட்டம் போலன்னு நெனச்சிட்டேன். அம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

"மேனேஜர் கூப்பிடுவாரு. அந்த வேலை உனக்குத்தான்" என்றாள் ஜெயசித்ரா.

"வேலை இருக்கட்டும் மேடம். அந்த அய்யா அன்னிக்கி என் மூஞ்சியப் பாத்து, 'ஏந்தாயி, ஒரு பட்டன் அழுத்த அவ்வளவு சிரமமா'ன்னாரு. திட்டல, கேட்டாரு. அவருகிட்ட சொல்லுங்க. எனக்கு அதுதான்."

மறுநாள் திங்கட்கிழமை, அய்யம்பெருமாளின் நாள். ஜெயசித்ரா அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மையத்துக்குப் போனாள். அவர் ஏழாவது மெஷினில் படுத்திருந்தார். இடது கையில் இரண்டு ஊசி, சிவப்புக் குழாய்கள். உடம்பு வற்றி, பாதம் மட்டும் வீங்கியிருந்தது. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தான் யார் என்பதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். நாள், மாதம் மாறிப்போன கதை அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை.

"அப்ப இது நீங்க எழுதுனது."

"ஆமாங்கய்யா. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. என் தப்புதான்."

அவர் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தஞ்சாவூர்ல மூணு நாளு கெடந்தேன். மூச்சு ஏறாம இருக்கறது எப்படி இருக்கும்னா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "வுடுங்க. அதச் சொல்லி என்ன ஆவப்போவுது."

ஜெயசித்ரா அவர் திட்டுவார் என்று நினைத்து வந்திருந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அந்தப் பொண்ணு வருமா திரும்ப?"

"தெரியலங்கய்யா. வரணும்."

"வந்தா நானே பேசிக்கறேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "இப்ப சரியா இருக்கா அது? வியாழக்கெழமை என் பேரு இருக்குமா?" என்றார்.

"இருக்குங்கய்யா."

சொல்லிவிட்டு முன்னறைக்கு வந்து பட்டியலைத் திறந்து, வியாழக்கிழமையில் அவர் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

ஆவணி பிறந்து பத்து நாளில் தனம் வேலைக்குத் திரும்பினாள். ஜெயப்பிரகாஷ் அவளை எல்லார் முன்னாலும் கூப்பிட்டுச் சொன்னதாக லாவண்யா சொன்னாள். அய்யம்பெருமாள் என்ன பேசினார் என்பது யாருக்கும் தெரியாது. தனம் இப்போதும் ஏதாவது சந்தேகம் என்றால் ஜெயசித்ராவுக்குப் போன் செய்வாள். கேட்டதைக் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம்" என்று வைத்துவிடுவாள். அக்கா என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. தேதி மாற்றும்போதெல்லாம் பட்டியலையும் திறந்து பார்த்து, அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டாள்.

செப்டம்பரில் ஒரு நாள் ஜெயசித்ரா, இருபது ஊர்களில் ஓடுகிற நிரல்கள் எல்லாவற்றிலும் அந்த மாதிரி வெற்றிடங்கள் எத்தனை இருக்கின்றன என்று தேடிப் பார்த்தாள். அறுபத்து மூன்று. அவள் எழுதியவை, போய்விட்டவர்கள் எழுதியவை, யார் எழுதியது என்றே தெரியாதவை. குருமூர்த்தியிடம் சொன்னாள்.

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு எல்லாம்?" என்றார் அவர்.

"ஓடுற மாதிரி இருக்கு சார்."

"அதுக்கெல்லாம் நேரம் எங்கம்மா இருக்கு?"

நேரம் இல்லைதான். அதனால் அவள் எட்டு மணி பஸ்ஸுக்குப் பதில் ஏழு மணி பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். உரக்கடை அப்போது திறந்திருக்காது, போன்களும் அடிக்காது. கழுத்துக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்வாள். ஒரு நாளைக்கு ஒரு வெற்றிடத்தை நிரப்புவாள். சில நாள் அதுவும் முடிவதில்லை. இலக்கியாவுக்குக் காய்ச்சல், வெங்காயத்துக்கு மழை என்று ஏதாவது வந்துவிடும். இது வரைக்கும் பத்தொன்பது ஆகியிருக்கிறது.